மூக்குக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓர் ஆஸ்பத்திரியின் நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மூக்கு ஸ்வாப் கல்ச்சர் (பஞ்சுக்குச்சியால் மூக்கில் துடைத்து எடுத்ததை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு கவுன்டரிலேயே நின்று படிப்பவர்கள், அடுத்த நிமிடம் ஜன்னலைத் தட்டுவார்கள். "ஏதோ வளர்ந்திருக்குன்னு போட்டிருக்கே?" என்பார்கள். அப்படி வந்த கேள்விகளைத்தான் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். இதை வைத்து யாரும் தனக்குத்தானே மருந்து எழுதிக்கொள்ள வேண்டாம். அதற்கு டாக்டர் இருக்கிறார்.

நல்லா இருக்கிற ஆள் மூக்குல கிருமி எப்படி இருக்கும்?

எல்லார் மூக்கிலும் இருக்கிறது. உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் டாக்டருக்கும் உண்டு. பிறந்த உடனேயே குடியேற்றம் ஆரம்பித்துவிடும். கடைசி மூச்சு வரை அங்கே யாராவது இருந்துகொண்டே இருப்பார்கள்.

ஆனால் மூக்கு அவ்வளவு வசதியான இடமில்லை. காற்று போய் வந்துகொண்டே இருப்பதால் உடம்பின் உட்சூட்டைவிடச் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும். சுரக்கும் நீரில் உப்பு உண்டு, சத்து குறைவு. குடலில் நூற்றுக்கணக்கான இனங்கள் செழிக்கின்றன. மூக்கிலோ சில இனங்கள்தான் பெரும்பான்மை. காற்றோடு உள்ளே வருவதெல்லாம் அங்கே தங்கிவிட முடியாது.

சரி, என்னென்ன கிருமி? பேரைச் சொல்லுங்க.

மூக்குத் துவாரத்தின் முதல் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உண்மையில் தோல்தான். முடி இருக்கும், எண்ணெய்ச் சுரப்பி இருக்கும். அதனால் தோலில் வாழும் பாக்டீரியாக்களே அங்கேயும் இருக்கின்றன: ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், கோரினிபாக்டீரியம், முகப்பருவோடு பேர் அடிபடும் குட்டிபாக்டீரியம். அதைத் தாண்டி உள்ளே போனால் ஈரமான சளிச்சவ்வு. அங்கே எண்ணெய் பிடித்தவை குறைந்து, டோலோசிகிரானுலம், மொராக்செல்லா போன்றவை தலைகாட்டும். பின்னால், மூக்கும் தொண்டையும் சேரும் இடத்தில், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, நிமோனியா, காதுத் தொற்று தரக்கூடிய நியூமோகாக்கஸும் ஹீமோஃபிலஸும் நோய் எதுவும் தராமலேயே இருக்கலாம்.

ஆய்வகத்தில் இதைப் பார்ப்பது சுவாரசியமான வேலை. பஞ்சுக்குச்சியை ஆட்டு ரத்தம் கலந்த அகார் எனும் ஜெல்லித் தட்டில் கோடு கோடாக இழுத்து, 37 டிகிரியில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாகக் குண்டூசித் தலை அளவில் திட்டுகள். அவை எபிடெர்மிடிஸ் வகை. அவற்றுக்கு நடுவே பொடிப்பொடியாகச் சாம்பல் நிறத்தில் கோரினிபாக்டீரியம். சிலருடைய தட்டில் மட்டும் லேசான பொன்னிறத்தில், சுற்றிலும் ரத்தம் கரைந்து தெளிந்த வளையத்தோடு கொஞ்சம் பெரிய திட்டுகள். அதுதான் எல்லோரையும் ஜன்னலைத் தட்ட வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அதைப் பற்றிப் பின்னால் தனியாகவே பேச வேண்டும்.

ரிப்போர்ட்ல 'டிஃப்தீராய்ட்ஸ்'னு இருக்கு. பையனுக்கு டிஃப்தீரியாவா?

இல்லை. இந்தப் பெயரைப் பார்த்து அழுதுகொண்டே வந்த அம்மாக்கள் உண்டு. தொண்டை அடைப்பான் எனும் டிஃப்தீரியாவைத் தருவது கோரினிபாக்டீரியம் குடும்பத்தில் ஒரே ஓர் இனமும் அதன் நெருங்கிய உறவுகளும்தான். மற்ற கோரினிபாக்டீரியங்கள் மைக்ராஸ்கோப்பில் அதே சாயலில் தெரிவதால் 'டிஃப்தீரியா போன்றவை' என்ற பொருளில் அப்படி எழுதுவது வழக்கம். முந்தைய பதிலில் சாம்பல் பொடித் திட்டு என்று சொன்னேனே, அதேதான். பையன் மூக்கில் அது இருப்பது இயல்பு. இன்னும் சொல்லப்போனால் நல்ல சேதி; ஏன் என்பதற்குக் கீழே பதில் வருகிறது.

சைனஸுக்குள்ளயும் கிருமி இருக்குமா? அது மூடின அறைதானே?

மூடிய அறை இல்லை. கன்னத்தெலும்பில், நெற்றியில், கண்களுக்கு இடையில், அதற்கும் பின்னால் மண்டையோட்டின் நடுவில் என்று நான்கு ஜோடி காற்றறைகள். ஒவ்வொன்றும் சிறிய வாசல் வழியாக மூக்கோடு சேர்கிறது. ஆரோக்கியமான சைனஸில் ஒன்றுமே இருக்காது என்றுதான் நெடுநாள் பாடம் நடந்தது. 1981-இல் இட்சாக் புரூக் என்பவர், மூக்குத் தண்டு வளைவுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் நோயில்லாத கன்ன சைனஸிலிருந்தே பாக்டீரியாக்களை வளர்த்துக் காட்டினார். காற்றில்லாத இடத்தில் வாழும் வகைகளும் அதில் இருந்தன. பிறகு டி.என்.ஏ. முறை வந்ததும் சந்தேகம் போயிற்று. இருக்கின்றன, மூக்கின் முன்பகுதியைவிட எண்ணிக்கையில் குறைவு, அவ்வளவுதான்.

கன்ன சைனஸின் அமைப்பே ஒரு வேடிக்கை. அதன் வாசல் அறையின் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. நிற்கும்போது உள்ளே சுரக்கும் சளி தானாக வடியவே முடியாது. சுவரெங்கும் இருக்கும் நுண்மயிர்கள்தான் அதை வாசலை நோக்கி மேலே தள்ளிக்கொண்டு போக வேண்டும். நான்கு காலில் நடக்கும் பிராணிக்குத் தலை குனிந்திருப்பதால் சிக்கல் குறைவு. நாம் நிமிர்ந்து நிற்கிறோம். அந்த வாசல் வீங்கி அடைத்துக்கொண்டால் மாட்டிக்கொள்கிறோம்.

இவ்வளவு கிருமி இருந்தும் ஏன் தினமும் நோய் வரலை?

பல காவல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்கின்றன. முதலாவது, சளியே ஓடிக்கொண்டிருக்கிறது. நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துத் தடவைக்கும் மேல் அடித்து, சளிப் போர்வையை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் தொண்டைப் பக்கம் நகர்த்துகின்றன. இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. மூக்கின் முன்பகுதியில் ஒரு துணுக்கு சாக்கரினை வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சாமல் உட்காரச் சொல்வார்கள். நல்ல மூக்கென்றால் பெரும்பாலும் இருபது நிமிடத்துக்குள் நாக்கில் இனிப்புத் தட்டும். பிறவியிலேயே நுண்மயிர் அசையாதவர்கள் உண்டு. அவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே சைனஸ் தொல்லையும் நெஞ்சுச் சளியும் விடாது. அந்த ஓட்டம் எவ்வளவு முக்கியம் என்பது அதிலிருந்து தெரியும்.

இரண்டாவது, சளியில் உள்ள பொருட்கள். 1921-இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் ஜலதோஷத்தோடு இருந்தபோது தன் மூக்குச் சளியை எடுத்தே பாக்டீரியா தட்டில் போட்டுப் பார்த்தார். சளி பட்ட இடத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் நிறப் பாக்டீரியா கரைந்து போயிருந்தது. அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டதுதான் லைசோசைம். பெனிசிலின் வந்தது அதற்கு ஏழு வருடம் கழித்துத்தான். சைனஸ் சுவர் நைட்ரிக் ஆக்சைடு வாயுவையும் அதிக அளவில் உண்டாக்குகிறது என்று 1995-இல் ஸ்வீடனில் காட்டினார்கள். அதற்கும் கிருமியை அடக்கும் குணம் உண்டு.

மூன்றாவது காவல், ஏற்கெனவே குடியிருப்பவர்கள். கோரினிபாக்டீரியம் இனங்களில் ஒன்று, மூக்குத் தோலின் கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களை வெளிவிடுகிறது. அந்த அமிலம் நியூமோகாக்கஸை வளரவிடுவதில்லை. எபிடெர்மிடிஸின் சில வகைகள் சுரக்கும் நொதி, ஆரியஸ் கட்டும் பிசின் படலத்தைக் கரைத்துவிடுகிறது. டிஃப்தீராய்ட்ஸ் இருப்பது நல்ல சேதி என்று சொன்னது இதனால்தான்.

சளி பச்சையா வந்தா கிருமி பெருகிடுச்சுன்னுதானே அர்த்தம்?

அநேகமாக எல்லா வீட்டிலும் இந்த நம்பிக்கை இருக்கிறது. பச்சை நிறம் நம்முடைய வெள்ளையணுக்களிலிருந்து வருகிறது. நியூட்ரோஃபில் எனும் அணுக்களுக்குள் இரும்பு கலந்த பச்சை நிற நொதி ஒன்று இருக்கிறது. அவை கூட்டமாக வந்து மடியும்போது சளி பச்சையாகிறது. வைரஸ் ஜலதோஷத்திலும் மூன்றாம் நாள், நான்காம் நாள் இது சாதாரணம். காலையில் முதலில் சிந்தும்போது அடர்ந்த நிறமாக இருப்பது இரவெல்லாம் தேங்கியதால்.

பெரியவர்களுக்கு வரும் ஜலதோஷத்தில் பாக்டீரியா சைனஸ் தொற்றாக மாறுவது 100-இல் ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை. நிறத்தைப் பார்க்காதீர்கள், நாளைப் பாருங்கள். பத்து நாள் ஆகியும் கொஞ்சமும் குறையாதது, குறைந்துவிட்டு மறுபடி மோசமாவது, ஆரம்பத்திலேயே கடும் காய்ச்சலும் முகவலியும் சீழ்ச்சளியுமாக மூன்று நான்கு நாள் நீடிப்பது: இந்த மூன்றில் ஒன்று இருந்தால் டாக்டர் பாக்டீரியாவைச் சந்தேகிப்பார். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு என்றால் நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. மருந்துக்கடையில் 'பச்சைச் சளி' என்று சொல்லி மூன்று நாள் அசித்ரோமைசின் வாங்கிப் போடும் பழக்கம், ஜலதோஷத்தை ஒன்றும் செய்யாது.

என் ரிப்போர்ட்ல 'ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்துள்ளது'ன்னு இருக்கு. மருந்து எடுக்கணுமா?

புண் இல்லை, கட்டி இல்லை, அறுவை சிகிச்சை எதுவும் வரப்போவதில்லை என்றால் பெரும்பாலும் வேண்டாம். பெரியவர்களில் ஐந்தில் ஒருவர் மூக்கில் இது நிரந்தரமாகவே இருக்கிறது. இன்னும் பலருக்கு வந்து போகும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒட்டுவதே இல்லை. நிரந்தரமாக வைத்திருப்பவர்கள் ஆயுள் முழுக்க அதனால் ஒரு தொல்லையும் இல்லாமல் இருந்துவிடலாம்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனையில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். சின்னக் குழாயில் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் அணுக்கள் நீங்கிய திரவத்தை, எடுத்து அந்தப் பொன்னிறத் திட்டில் கொஞ்சத்தைக் கலந்து சூட்டில் வைப்போம். சில மணி நேரம் கழித்துக் குழாயைச் சாய்த்தால், ஆரியஸாக இருந்தால் திரவம் உறைந்து ஜெல்லியாக நிற்கும், எபிடெர்மிடிஸ் என்றால் தண்ணீராகவே ஓடும். ரிப்போர்ட்டில் 'கோகுலேஸ் பாசிட்டிவ்', 'கோகுலேஸ் நெகட்டிவ்' என்று போடுவது இதைத்தான். அந்தப் 'பாசிட்டிவ்' என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கிருமியின் அடையாளத்தைச் சொல்கிறதே தவிர, உங்களுக்கு நோய் என்று சொல்லவில்லை.

அப்போ என் மாமனாருக்கு இதய ஆபரேஷனுக்கு முன்னாடி மட்டும் ஏன் மூக்குல களிம்பு தடவச் சொன்னாங்க?

ஏனென்றால் மூக்கில் சும்மா இருக்கும் ஆரியஸ், கத்தி பட்ட இடத்துக்குப் போய்விட்டால் சும்மா இருக்காது. நோயாளியின் ரத்தத்தில் கிடைத்த ஆரியஸும் அவர் மூக்கில் இருந்த ஆரியஸும் பெரும்பாலும் ஒரே வம்சம் என்று 2001-இல் ஜெர்மனியில் காட்டினார்கள். வெளியிலிருந்து வருவதைவிட நம் மூக்கிலிருந்தே கை வழியாகப் புண்ணுக்குப் போவது அதிகம்.

நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஆரியஸ் வைத்திருந்த நோயாளிகளில் ஒரு பாதிக்கு மூக்கில் முப்பிரோசின் களிம்பும் குளிக்கக் குளோர்ஹெக்சிடின் சோப்பும் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆரியஸ் தொற்று வந்தவர்கள் அந்தப் பிரிவில் 3.4 சதவீதம், மருந்தில்லாத போலிக் களிம்பும் சோப்பும் பெற்ற பிரிவில் 7.7 சதவீதம். உங்கள் மாமனாருக்குச் சொன்னது அந்த அடிப்படையில்தான். டாக்டர் சொன்ன நாள் கணக்கோடு நிறுத்திவிடுங்கள். மிச்சமிருக்கும் டியூபை வீட்டில் எல்லோரும் பகிர்ந்துகொள்வதால் எதிர்ப்பு சக்தி உள்ள கிருமிதான் வளரும்.

அதே களிம்பை மாசாமாசம் தடவி மூக்கை மொத்தமா சுத்தம் பண்ணிட்டா நல்லதுதானே?

நிற்காது. களிம்பை நிறுத்திய சில வாரங்களில், சில மாதங்களில் பலருக்கு அதே ஆரியஸ் திரும்பி வந்துவிடும். தோலில், தொண்டையில் ஒளிந்திருந்தது வரும், இல்லையென்றால் வீட்டில் இன்னொருவரிடமிருந்து வரும். காலியான மூக்கு என்று ஒன்று கிடையாது. யாரோ ஒருவர் அங்கே வந்து சேரத்தான் போகிறார்.

யார் வந்து சேருகிறார் என்பதுதான் விஷயம். 2016-இல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தார், ஸ்டெஃபைலோகாக்கஸ் லக்டூனென்சிஸ் என்ற இன்னொரு மூக்குவாசி, லக்டூனின் எனும் ஆன்டிபயாட்டிக்கைத் தானே தயாரித்து ஆரியஸைக் கொல்கிறது என்று கண்டார்கள். 187 நோயாளிகளின் மூக்கைப் பார்த்தபோது, லக்டூனென்சிஸ் இருந்தவர்களில் 5.9 சதவீதம் பேரிடம் மட்டுமே ஆரியஸ் இருந்தது. இல்லாதவர்களில் அது 34.7 சதவீதம். தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் போடும்போது இப்படிப்பட்ட உள்ளூர்க் காவலாளியும் சேர்ந்து போகிறார். இந்தப் பக்கத்தில் எதையாவது வீட்டாரிடம் சொல்ல வேண்டுமென்றால் நான் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்வேன்.

அப்படின்னா அந்த நல்ல கிருமியையே மூக்குல விட்டா என்ன? தயிர் சாப்பிடுற மாதிரி?

கேட்கவே நன்றாக இருக்கிறது. செய்தும் பார்த்திருக்கிறார்கள், அறுபது வருடத்துக்கு முன்பே.

1950-களில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பச்சிளங்குழந்தை வார்டுகளில் '80/81' என்ற ஆரியஸ் வகை பரவிப் பல குழந்தைகளைப் பாதித்தது. பெனிசிலினுக்கு அது அடங்கவில்லை. ஹென்றி ஷைன்ஃபீல்டும் ஹைன்ஸ் ஐஷன்வால்டும் ஒன்றைக் கவனித்தார்கள். ஒரு குழந்தையின் மூக்கில் வேறொரு ஆரியஸ் முதலில் இடம் பிடித்துவிட்டால் 80/81 உள்ளே வர முடிவதில்லை. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான். உடனே '502ஏ' என்ற சாதுவான ஆரியஸ் வகையைத் தேர்ந்தெடுத்து, பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைகளின் மூக்கிலும் தொப்புளிலும் வேண்டுமென்றே தடவினார்கள். பல ஊர்களில் வார்டுத் தொற்று அடங்கியது. அடிக்கடி கட்டி வரும் குடும்பங்களுக்கும் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

ஆனால் சாதுவும் ஆரியஸ்தான். சில குழந்தைகளுக்குத் தோலில் கொப்புளங்கள் வந்தன. 1970-களின் ஆரம்பத்தில் ஒரு குழந்தை 502ஏ ரத்தத்தில் கலந்து இறந்தது. அதே காலத்தில் புது ஆன்டிபயாட்டிக்குகளும் வந்துவிட, இந்த முறையைக் கைவிட்டார்கள்.

யோசனை மட்டும் சாகவில்லை. 2000-இல் ஜப்பானில் ஒரு கோரினிபாக்டீரியத்தை ஆரியஸ் வைத்திருந்த தொண்டர்களின் மூக்கில் திரும்பத் திரும்ப இட்டபோது பெரும்பாலோரிடம் ஆரியஸ் மறைந்தது. ஸ்வீடனில் நாள்பட்ட சைனஸ் தொல்லை உள்ள 22 பேருக்கு ஆரோக்கியமானவர்களின் மூக்குக் கிருமிக் கூட்டத்தையே மாற்றி வைத்துப் பார்த்தார்கள். பலருக்குச் சில மாதம் நிம்மதி இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்துப் பிரிவு அதில் இல்லை, ஆகையால் நானாக இருந்தால் இன்னும் காத்திருப்பேன். தயிரைப் பொறுத்தவரை, அது வாய் வழியாகப் போகட்டும். மூக்கில் விட வேண்டாம்.

மூக்கு நோண்டினா இந்தக் கிருமி அதிகமாகுமா? பசங்க கேட்க மாட்டேங்கிறாங்க.

பசங்க மட்டுமா? பெங்களூரு நிமான்ஸைச் சேர்ந்த இரண்டு மனநல மருத்துவர்கள் அந்த ஊர்ப் பள்ளி மாணவர்கள் 200 பேரிடம் கேட்டபோது கிட்டத்தட்ட எல்லோருமே ஒப்புக்கொண்டார்கள்; நடுத்தரக் கணக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிக்காகத் தரப்படும் இக் நோபல் பரிசு 2001-இல் இதற்குக் கிடைத்தது.

பழக்கத்துக்கும் ஆரியஸுக்கும் தொடர்பு இருப்பதாக 2006-இல் நெதர்லாந்தில் கண்டார்கள். நோண்டுபவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. விரலிலிருந்து மூக்கு, மூக்கிலிருந்து விரல், அங்கிருந்து முழங்கை சிராய்ப்பு என்று வழி திறந்துவிடும். பொருக்கு தட்டி உறுத்துவதால்தான் குழந்தைகள் கை வைக்கிறார்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், இரண்டு சொட்டு உப்புநீர் மருந்து விட்டுப் பொருக்கை இளக்கிச் சிந்த வையுங்கள். அதட்டுவதைவிட இது பலன் தரும். நோண்டினால் அல்சைமர் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருவது, 2022-இல் எலிகளின் மூக்குச் சவ்வைக் காயப்படுத்திச் செய்த சோதனை. மனிதருக்கு நிரூபிக்கப்பட்டதில்லை.

மூக்கு முடியைப் பிடுங்கலாமா?

பிடுங்காதீர்கள். நுனியைக் கத்தரிக்கலாம். பிடுங்கிய குழியில் ஆரியஸ் இறங்கினால் மூக்கு நுனி சிவந்து, தொட முடியாத கட்டியாகும். அதை அமுக்கிச் சீழ் எடுக்கவும் கூடாது. அந்தப் பகுதி ரத்த நாளங்கள் மூளைக்கு அடியில் உள்ள நாளங்களோடு சேர்கின்றன. அபூர்வமாக, தொற்று அங்கே போய்விடும்.

ஜலநேத்தி பண்றேன். நல்ல கிருமியும் கழுவிக்கிட்டுப் போயிடாதா?

போகாது. சவ்வோடு ஒட்டி வாழ்பவை அவ்வளவு சுலபத்தில் போய்விடாது. உப்புநீர் கழுவுவது சளியையும் தூசியையும் ஒவ்வாமைப் பொருட்களையும்தான். நாள்பட்ட சைனஸ் தொல்லைக்கு டாக்டர்களே இதைப் பரிந்துரைக்கிறார்கள். லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்பு. குறைந்தாலும் கூடினாலும் எரியும்.

கவலைப்பட வேண்டியது தண்ணீரைப் பற்றி. 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை அப்படியே நேத்திக் கிண்டியில் ஊற்றி மூக்கைக் கழுவிய இருவர், நேக்லீரியா எனும் அமீபா மூளைக்கு ஏறி இறந்தார்கள். கேரளத்தில் 2024, 2025-இல் செய்திகளில் அடிபட்ட மூளை தின்னும் அமீபா இதுவும் இதைப் போன்றவையும்தான். அங்கே குளத்துத் தண்ணீர் பேச்சில் அதிகம் அடிபட்டது. நேக்லீரியாவைக் குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கின் மேற்கூரை வரை போனால்தான் ஆபத்து. ஆகவே தளதளவென்று கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் அல்லது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்.ஓ. மெஷின் தண்ணீரும் கொதிக்கட்டும். கிண்டியைக் கழுவிக் காய வையுங்கள்.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிச்சா சைனஸ் கிருமி செத்துடுமா?

சாகாது. முகம் தாங்கும் சூடு கிருமிக்குப் போதாது. அடைப்பு கொஞ்ச நேரம் இளகும், சுகமாக இருக்கும், அதற்காகப் பிடிக்கலாம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கொதிக்கும் பாத்திரத்தின் முன் உட்கார வேண்டாம். தீக்காய வார்டில் அப்படி வரும் குழந்தைகள் உண்டு.

பிறந்த குழந்தைக்கு எங்க பாட்டி மூக்குல எண்ணெய் விட்டு ஊதச் சொல்றாங்க. கிருமி வராம இருக்கும்னு.

பாட்டியிடம் மெதுவாக மறுத்துவிடுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியாவே வரும், குழந்தை இருமித் துப்பவும் தெரியாத வயது. வாயால் ஊதும்போது பெரியவர்களின் வாய்க் கிருமிகளும் சேர்ந்து உள்ளே போகின்றன.

குழந்தை மூக்குக்கு எண்ணெய் தேவையே இல்லை. பிறக்கும்போது அம்மாவிடமிருந்தும், பிறகு எடுத்துக் கொஞ்சுபவர்களின் தோலிலிருந்தும் கிருமிகள் வந்து சேரும். முதல் வாரங்களில் ஆரியஸ் அதிகம் இருக்கும், மாதங்கள் போகப் போகக் குறையும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மூக்கில் கோரினிபாக்டீரியமும் டோலோசிகிரானுலமும் கூடுதலாக இருப்பதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். அந்த இரண்டும் கூடுதலாக உள்ள குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய்த் தொற்று குறைவாக வருகிறது.

நியூமோகாக்கஸும் சும்மா இருக்கும்னா, அதுக்கு ஏன் தடுப்பூசி?

பெரும்பாலான குழந்தைகளிடம் சும்மாதான் இருக்கும். சிலரிடம், அதுவும் ஒரு வைரஸ் சளி வந்து சவ்வு புண்ணானபின், காதுக்கோ நுரையீரலுக்கோ ரத்தத்துக்கோ போய்விடும். எந்தக் குழந்தைக்கு அப்படி ஆகும் என்று மூக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. தடுப்பூசி உடம்புக்குள் போவதைத் தடுப்பதோடு, மூக்கில் அந்த வகைகள் குடியிருப்பதையும் குறைக்கிறது. ஊசி போட்ட குழந்தையால் வீட்டில் உள்ள தாத்தாவுக்கும் பாதுகாப்பு. 2021 முதல் இந்தியா முழுக்க அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று இலவசமாகப் போடுகிறார்கள். தடுப்பூசியில் இல்லாத வகைகள் காலியான இடத்துக்கு வருவதும் நடக்கிறது. காலியான மூக்கு கிடையாது என்று முன்பே சொன்னதுதான்.

நாங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே ஜாடை. மூக்குக் கிருமியும் ஒண்ணாத்தான் இருக்குமா?

ஜாடைக்காக இருக்காது, ஒரே வீட்டில் இருந்தால் கொஞ்சம் இருக்கலாம். டென்மார்க்கில் இரட்டையர்களின் மூக்கை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். மூக்கில் எந்தக் கிருமிக் கூட்டம் என்பதில் மரபணுவுக்குப் பெரிய பங்கில்லை. பெண்களின் மூக்கில் ஆண்களைவிட ஏறக்குறைய பாதி அளவே கிருமி இருந்தது. காரணம் கேட்டு வீட்டில் சண்டை போட வேண்டாம்.

மூக்கிலிருந்து நாத்தம் வருது. அதுவும் சாதாரணக் கிருமிதானா?

இல்லை, இதைக் காட்டியே ஆக வேண்டும். குழந்தைக்கு ஒரே பக்கத்தில் மட்டும் நாற்றச் சளி என்றால் பட்டாணியோ புளியங்கொட்டையோ ஸ்பாஞ்ச் துண்டோ உள்ளே இருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். பட்டன் பேட்டரி என்றால் சில மணி நேரத்தில் சவ்வைப் பொசுக்கிவிடும், அவசரம். பெரியவருக்கு ஒரே பக்கம் என்றால் பல் டாக்டரையும் பாருங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் கன்ன சைனஸின் தரையில்தான் நிற்கிறது.

இரண்டு பக்கமும் பச்சைப் பொருக்கும் துர்நாற்றமுமாக இருந்து, அடுத்தவருக்கு வாடை அடிக்கும்போது உங்களுக்கு மட்டும் தெரியவில்லை என்றால், சவ்வு தேய்ந்து போகும் நோயாக இருக்கலாம். அதில் கிளெப்சியெல்லா வகை ஒன்று அடிக்கடி வளரும். ஈ மொய்த்துப் புழு வைக்கும் அளவுக்கு விட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. வெட்கப்பட்டு மறைப்பதால் வருவது அது.

கொரோனா சமயத்துல வந்த கருப்பு பூஞ்சையும் மூக்குல ஏற்கெனவே இருந்ததுதானா?

அது பாக்டீரியா இல்லை, பூஞ்சை. நிரந்தரக் குடியிருப்பும் இல்லை. அதன் வித்துகள் காற்றில், மண்ணில், அழுகும் காய்கறியில் எங்கும் உள்ளன. தினமும் சுவாசிக்கிறோம், வெள்ளையணுக்கள் முடித்துவிடுகின்றன. 2021-இல் கட்டுக்கடங்காத சர்க்கரையும் அதிக ஸ்டீராய்டும் சேர்ந்து அந்த அணுக்களை முடக்கியதால்தான் சைனஸுக்குள் அப்படிப் பரவியது.

கடைசியா ஒண்ணு. 'நார்மல் ஃப்ளோரா வளர்ந்துள்ளது'ன்னு மட்டும் போட்டுட்டு எந்த மருந்து கேட்கும்னு லிஸ்ட் தரலை. காசு வாங்கிட்டு முழுசா பண்ணலையா?

இந்தக் கேள்வி கோபமாகத்தான் வரும், வாரம் தவறாமல் வரும். முழுதாகத்தான் செய்திருக்கிறோம். எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்று பட்டியல் கொடுத்தால் யாராவது அதில் ஒன்றை எழுதிவிடுவார்கள், இல்லை நீங்களே மருந்துக்கடையில் காட்டுவீர்கள். இயல்பாக இருக்க வேண்டிய எபிடெர்மிடிஸுக்கும் டிஃப்தீராய்ட்ஸுக்கும் பட்டியல் தராமல் நிறுத்துவது வேலையின் ஒரு பகுதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூக்கு வாசலில் எடுத்த ஸ்வாப், சைனஸுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லாது. சைனஸ் தொற்றுக்குக் கல்ச்சர் தேவைப்பட்டால் காது மூக்கு தொண்டை டாக்டர் எண்டோஸ்கோப் வைத்து, சீழ் வடியும் வாசலுக்கு அருகிலிருந்தே மாதிரி எடுப்பார். முன் வாசல் ஸ்வாப் பெரும்பாலும் ஆரியஸோ, பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத அதன் வகையான எம்.ஆர்.எஸ்.ஏ.வோ இருக்கிறதா என்று அறுவை சிகிச்சைக்கு முன் பார்ப்பதற்குத்தான். அடுத்த முறை ஸ்வாப் எழுதிக் கொடுத்தால், எதைத் தேடுகிறார் என்று டாக்டரிடம் கேட்டு, சீட்டில் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தத் தட்டில் போடுவது என்று எங்களுக்கும் அப்போதுதான் தெரியும்.